10 மீட்டர், 25 மீட்டர்

ஸ்கோப்பின் குமிழ்மேல் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது: 1 க்ளிக், 1/4 அங்குலம், 100 கெஜம்.

ஏர் ரைபிளை வைத்துக்கொண்டு 100 கெஜத்தில் யார் சுடப்போகிறார்கள்?

10 மீட்டரில் அதே க்ளிக்கின் மதிப்பு 0.7 மில்லிமீட்டர். 25 மீட்டரில் 1.7.

ஆக, 10 மீட்டரில் குண்டு 2 சென்டிமீட்டர் கீழே விழுந்தால் 29 க்ளிக் ஏற்ற வேண்டும். புதிதாக வாங்கியவர் நாலு க்ளிக் திருப்புவார். அட்டையில் எதுவும் மாறியிருக்காது. ஸ்கோப் பழுது என்று முடிவு கட்டிவிடுவார்.

ஸ்கோப்பில் பழுது ஒன்றும் இருக்காது.

குமிழில் உள்ள அம்புக்குறி, குண்டு போக வேண்டிய திசையைச் சொல்கிறது. குண்டு கீழே விழுகிறதா, 'அப்' பக்கம் திருப்பு. இடப்பக்கம் போகிறதா, 'ரைட்' பக்கம். அவ்வளவுதான். குறுக்குக் கம்பி எந்தப் பக்கம் நகரும் என்று யோசிக்க ஆரம்பித்தால் தலை சுற்றும். யோசிக்கவே வேண்டாம்.

•

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கடைசி வரிசைக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டிப் போட்ட மண்மேடு, ஆள் உயரத்துக்கு மேல்.

அட்டையை ஒட்டுவதற்கு முன்னால் மேட்டுக்கு அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். வழித்தடம் இருக்கிறதா. மாடு கட்டியிருக்கிறதா. இளநீர் இறக்க வந்தவர்கள் எங்கே நிற்கிறார்கள்.

இதைச் செய்யாமல் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே கூடாது.

கல், இரும்புத் தகடு, காய்ந்த தென்னைமரம் எதையும் பின்னணியாக வைக்கக் கூடாது. ஈயம் தெறித்துத் திரும்பும். அட்டைப்பெட்டிக்குள் கந்தல் துணியை இறுக்கித் திணித்து, அதன் பின்னால் மண். இது போதும். கண்ணாடி போட்டுக்கொள்.

•

முதல் குண்டு வலப்பக்கம், கீழே. கை தானாகக் குமிழுக்குப் போகிறது.

தோப்புக்காரப் பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங் தம்பி, ஒரு குண்டெ வெச்சு என்னத்தெ முடிவு பண்றது? அஞ்சு போடுங்."

"சரிங்கய்யா."

ஐந்து. குமிழைத் தொடாமல், ஒரே இடத்தைக் குறிவைத்து ஐந்து.

ஐந்து ஓட்டைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் துப்பாக்கி பேசத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்பது அப்புறம். சேர்ந்து இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி.

சேர்ந்து விழுந்து, இடம் தள்ளியிருந்தால்: குமிழ்.

சிதறி விழுந்தால்: குமிழைத் தொடாதே. வேறு எங்கோ ஏதோ ஆடுகிறது.

•

ஆடக்கூடியவை.

ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் மவுண்டின் திருகுகள். கட்டையையும் குழலையும் இணைக்கும் திருகுகள். இவை ஒவ்வொரு சுடுதலிலும் மயிரிழை தளர்கின்றன. ஆலன் கீ சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

பின்பு ஸ்கோப்பே. துப்பாக்கியின் முதுகில் 11 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டிய இரண்டு பள்ளங்களில்தான் மவுண்ட் கவ்விக்கொண்டிருக்கிறது. அதிர அதிரப் பின்னோக்கி வழுக்கும். மவுண்டின் பின்விளிம்பு இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வை. பத்து இருபது சுட்டபின் கோடு அதே இடத்தில் இருக்கிறதா பார்.

நல்ல மவுண்டில் அடியில் ஒரு சின்ன ஆணி இருக்கும். துப்பாக்கியின் முதுகில் அதற்கென்று ஒரு குழி. ஆணி குழிக்குள் இறங்கினால் ஸ்கோப் நகராது.

ஸ்கோப்புக்குச் செலவழிக்க இருக்கும் பணத்தில் ஒரு பங்கை மவுண்டுக்கு ஒதுக்குவதே புத்தி.

•

ஸ்பிரிங் ஏர் ரைபிள் விசித்திரமான பொருள். முன்னால் உதைக்கும், பின்னாலும் உதைக்கும்.

விசையை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. துப்பாக்கி பின்னுக்குப் போகிறது. பிஸ்டன் குழாயின் முனையில் காற்று மெத்தைமேல் மோதி நிற்கிறது. இப்போது துப்பாக்கி முன்னுக்கு.

எல்லாம் கண் இமைக்கும் முன்பே. பெல்லட் என்னும் ஈயக் குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கி நகரத் தொடங்கிவிட்டது.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப், பின்னோக்கிய உதையைத் தாங்கும்படி கட்டப்பட்டது. முன்னோக்கிய உதை அதற்குப் பழக்கமில்லை. பெரிய ரைபிளில் வருஷக்கணக்கில் உழைக்கும் விலையுயர்ந்த ஸ்கோப் ஒரு ஸ்பிரிங் ஏர் ரைபிளின்மேல் சீக்கிரமே உள்ளே உடைந்துபோகிறது. லென்ஸ் தளர்கிறது, கம்பி அறுகிறது.

வாங்கும்போது ஏர்கன்னுக்கு உகந்ததா என்று கேட்டு வாங்கு. உருப்பெருக்கம் எத்தனை மடங்கு என்பது அடுத்த கேள்வி.

•

மணல் மூட்டைமேல் குழலை அழுத்தி வைத்தால் குறி அசையாது. கம்பி கல்லில் செதுக்கியதுபோல நிற்கும்.

குண்டு மட்டும் வேறு எங்கோ போகும்.

மூட்டை துப்பாக்கியை அது நகர விரும்பும் வழியில் நகர விடாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி தடுக்கும்.

உள்ளங்கையை விரித்து, அதன்மேல் கட்டையைச் சும்மா கிடத்து. விரல் மூடக் கூடாது. தோளில் இடிக்கக் கூடாது, தொட்டுக்கொண்டு இருந்தால் போதும். கன்னமும் அப்படியே. கையின் அடியில் வேண்டுமானால் மூட்டை இருக்கலாம்.

டாம் கேலார்ட் என்ற அமெரிக்க ஏர்கன் எழுத்தாளர் இதற்கு 'ஆர்ட்டிலரி ஹோல்ட்' என்று பெயர் வைத்தார். பீரங்கி தன் வண்டிமேல் தாராளமாகப் பின்னால் ஓடிவருவதை வைத்து வந்த பெயர்.

இறுகப் பிடித்துச் சுட்ட ஐந்து, தளரப் பிடித்துச் சுட்ட ஐந்து. இரண்டையும் ஒரே அட்டையில் பக்கம் பக்கமாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். இதை யாரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

உள்ளங்கையை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி வைத்தாலும் குண்டு விழும் இடம் மாறுகிறது. கட்டையில் கை வைக்கும் இடத்தில் ஒரு துண்டு டேப்.

•

புதுத் துப்பாக்கி முதலில் புகை கக்குகிறது. எண்ணெய் வாசனை. சத்தமும் அதிகம்.

உள்ளே தடவிய எண்ணெயும் கிரீஸும் அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில் பற்றிக்கொள்கின்றன. டீசல் என்ஜினில் நடப்பதே இங்கேயும். ஒரு குண்டு வேகமாகப் போகும், அடுத்தது மெதுவாக.

இந்தக் கட்டம் முடியும்வரை ஜீரோ, அதாவது குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி வைப்பது, என்ற பேச்சே வேண்டாம். சும்மா சுட்டுக்கொண்டிரு. சத்தம் அடங்கும். புகை நிற்கும்.

பெல்லட் இல்லாமல் வெறுமனே விசையை இழுக்காதே. பிஸ்டனுக்கு முன்னால் மெத்தை இருக்காது. நேராக முனையில் அடிக்கும்.

பேரலை, அதாவது குழலை, மடக்கிப் பெல்லட் வைக்கும்போது இன்னொரு கை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். விடுபட்டால் விரலை நசுக்கும்.

•

கொத்தனாரின் தூக்குக்குண்டு.

ஸ்கோப்பின் செங்குத்துக் கம்பி உண்மையிலேயே செங்குத்தா? கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். தூரத்தில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு ஸ்கோப் வழியாகப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும்.

துப்பாக்கியின் முதுகில் சின்ன ரசமட்டம். குமிழி நடுவில். இப்போது நூலும் கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஸ்கோப்பைத் திருப்பி, வளையத் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப் மறுபடி சுழன்றுவிடும்.

சாய்ந்த ஸ்கோப் 10 மீட்டரில் காட்டிக்கொடுக்காது. 40-ல் காட்டிக்கொடுக்கும். ஏற்றினால் பக்கவாட்டிலும் நகரும்.

•

ஸ்கோப் குழலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நடுவுக்கு நடு 4 அல்லது 5 சென்டிமீட்டர்.

கண் போகும் வழி நேர்கோடு. பெல்லட் போகும் வழி வளைவு. அது கீழே கிளம்பி, கண்ணின் கோட்டைத் தொட்டு, கொஞ்சம் மேலேறி, மறுபடி இறங்கி இன்னொரு முறை கோட்டை வெட்டுகிறது.

ஆகவே ஜீரோ இரண்டு இடத்தில்.

கணக்குப் போட்டுப் பார்த்தது: 0.54 கிராம் பெல்லட், விநாடிக்கு 240 மீட்டர், ஸ்கோப் உயரம் 4.5 சென்டிமீட்டர்.

25 மீட்டரில் ஜீரோ வைத்தால் 10 மீட்டரில் சுமார் 1 சென்டிமீட்டர் கீழே. 30 மீட்டரிலும் சுமார் 1 சென்டிமீட்டர் கீழே. 40-ல் 5.

10 மீட்டரில் ஜீரோ வைத்தால் 25-ல் 3 சென்டிமீட்டர் மேலே. மறுபடி கோட்டுக்கு வருவது ஏறக்குறைய 40-ல்.

பக்கத்தில் இருக்கும்போது குண்டு கீழே விழுகிறது. 5 மீட்டரில் இன்னும் கீழே. பெரியவர் இதை நம்பவில்லை.

"கிட்டக்க இருந்தா மேலதானுங்க அடிக்கோணும்?"

5 மீட்டரில் அட்டையை வைத்துச் சுட்டோம். இரண்டரை சென்டிமீட்டர் கீழே. எழுந்து வந்து ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஸ்கோப்புக்கும் குழலுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தார்.

முதல் அட்டை 10 மீட்டரில். பெரிய காகிதமாக. குண்டு எங்கே போகிறது என்றாவது தெரியும். அங்கே 1 சென்டிமீட்டர் கீழே விழும்படி வைத்துவிட்டு 25-க்குப் போனால் பாதி வேலை முடிந்திருக்கும்.

•

கண்பக்க வளையத்தைத் திருகும்போது வெறும் வானத்தைப் பார். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கம்பி கூர்மையாகத் தெரிகிறதா என்று முதல் நொடியில் சொல்ல வேண்டும். மூன்று நொடி பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானே சரிசெய்துகொள்ளும். மங்கலாக இருப்பதும் கூர்மையாகத் தெரியும்.

பார், கண்ணை எடு, திருகு, மறுபடி பார்.

விளிம்பில் கருப்புப் பிறை தெரிந்தால் தலை சரியான இடத்தில் இல்லை.

•

தலையை லேசாக மேலும் கீழும் அசைத்தால் கம்பி இலக்கின்மேல் நீந்துகிறது. துப்பாக்கி அசையவில்லை, அசைந்தது தலை மட்டும்தான்.

பாரலாக்ஸ். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்பில் இதைத் தொழிற்சாலையிலேயே 100 கெஜத்துக்கு வைத்துவிடுகிறார்கள். 10 மீட்டரில் அது பெரும் பிழை.

முன் லென்ஸைச் சுற்றியோ பக்கத்திலோ தூரம் குறித்த வளையம் உள்ள ஸ்கோப்பானால் அட்டையின் தூரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையில் அதே இடத்தில் பதிய வேண்டும்.

கன்னத்துக்கும் ஒரு துண்டு டேப்.

•

3-9×40. மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு. முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர்.

ஒன்பதில் வைத்தால் நாடித் துடிப்பு தெரிகிறது. கம்பி சீராகத் துள்ளுகிறது. அதை நிறுத்த முடியாது.

ஐந்தில் வைத்தால் துடிப்பு அப்படியேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. மனம் அடங்குகிறது. விசையை அவசரமாகப் பிடுங்குவதில்லை.

•

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப் கிடையாது. பின்னால் சின்னத் துளை, முன்னால் வளையம். உருப்பெருக்கும் லென்ஸ் எதுவும் இல்லை.

இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி 0.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விட்டம் 4.5. குண்டு இலக்கைவிட ஒன்பது மடங்கு பெரியது.

அந்த அட்டை புதியவருக்கு நல்ல அளவுகோல். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மில்லிமீட்டர். ஒரு வளையம் தள்ளினால் மூன்றரை க்ளிக். ஸ்கேல் வேண்டாம்.

அபினவ் பிந்த்ரா. பெய்ஜிங் ஒலிம்பிக், 2008. இறுதிச்சுற்றுக்குச் சற்றுமுன் தன் துப்பாக்கியின் குறிப்பொறி இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். கையில் இருந்த சில நிமிடங்களில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். கடைசிக் குண்டுக்கு 10.8 மதிப்பெண்.

தங்கத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் இன்னும் படிக்க ஆசை.

இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூர். வளர்ந்தது அகமதாபாத். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் சுட்டார். போட்டி தொடங்கும் முன் எல்லோருக்கும் குறி சரிபார்க்க நேரம் உண்டு. அந்தக் குண்டுகள் கணக்கில் வராது.

•

மெரினாவில் பலூன் சுடும் இடம். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன். ஸ்கோப்பா, அதெல்லாம் கிடையாது.

ஒரு சிறுவன் குறி பார்க்கிறான். பலூன்காரர் குனிந்து காதோரம் சொல்கிறார்: "தம்பி, செவப்புக்கு வெக்காத. அதுக்கு எடது பக்கம் கீழ வெய்யி."

சிவப்பு உடைகிறது.

அடுத்த துப்பாக்கியை எடுத்த பெண்ணிடம் வேறு சொல்கிறார்.

•

குமிழை ஏற்றிக்கொண்டே போகிறோம், இன்னும் கீழேயே விழுகிறது. குமிழ் முடிவுக்கு வந்துவிட்டது.

மடக்கும் பேரல் கொண்ட பல துப்பாக்கிகளில் பேரல் மிக லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அது ஸ்கோப்பின் குற்றமில்லை.

முடிவுவரை ஏற்றிய குமிழை நம்பக் கூடாது. உள்ளே இருக்கும் சின்னக் குழாயை ஒருபக்கம் குமிழும் மறுபக்கம் ஸ்பிரிங்கும் பிடித்திருக்கின்றன. முடிவில் ஸ்பிரிங்குக்கு வலு இருக்காது, குழாய் மிதக்கும். இன்று ஒரு ஜீரோ, நாளைக்கு வேறு.

பின்பக்கம் உயர்ந்த மவுண்ட் கிடைக்கிறது. குமிழை அதன் முழு ஓட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு அந்த மவுண்டில் மாட்ட வேண்டும்.

குமிழைத் திருப்பியதும் குறி உடனே போய் உட்காருவதில்லை. அடுத்த குண்டின் அதிர்வில்தான் உட்காரும். திருப்பிய பிறகு வரும் முதல் குண்டைக் கணக்கில் எடுக்காதே.

•

காலை ஏழு மணிக்குச் சுட்டது ஒரு குரூப், ஐந்து ஓட்டை. பத்து மணிக்கு ஓலை சலசலத்தபோது இன்னொன்று, வலப்பக்கம் தள்ளி.

துப்பாக்கியில் எதுவும் மாறவில்லை. 25 மீட்டரில் மென்காற்று போதும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும்.

காற்றுக்குக் குமிழைத் திருப்பாதே. காற்று நின்றுவிடும், குமிழ் அங்கேயே இருக்கும்.

•

இந்தியாவில் 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல். அதற்குள் இருந்தால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. மேலே கணக்குப் போட்ட பெல்லட்டின் ஆற்றல் 15 ஜூல் சொச்சம்.

உரிமம் வேண்டாம் என்பதால் இதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். 15 ஜூல் ஒரு கண்ணைப் பறித்துவிடும்.

தோப்புக்கு மயில் வருகிறது. மண்மேட்டின்மேல் ஏறி நின்று அட்டையைப் பார்க்கிறது. போகும்வரை துப்பாக்கியை மடக்கி வைத்திருக்கிறோம்.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் கேட்டான்: "அண்ணா, அத அடிச்சா உழுமாங்ணா?"

அதை யாரும் அடிக்கக் கூடாது என்று சொன்னேன். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972. மயில் அதன் முதல் அட்டவணையில். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்லியிருப்பேன். காகிதத்தில் ஓட்டை போடுவதற்கே வாழ்நாள் போதாது. உயிர் எதற்கு?

அவனுக்கும் ஒரு கண்ணாடி கொடுத்து, ஓட்டைகளை எண்ணச் சொன்னேன்.

•

பெல்லட்டுக்கு இடுப்பு உண்டு. பின்பக்கம் பாவாடைபோல விரிந்து, உள்ளே வெறுமை. காற்று அந்தப் பாவாடையை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கிறது.

டப்பா கீழே விழுந்தால் சில பாவாடைகள் நசுங்கும். கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்த்தால் நசுங்கியது தள்ளாடும். அவற்றை ஒதுக்கு.

தட்டைத் தலை, உருண்டைத் தலை, கூர்த் தலை. தட்டைத் தலை காகிதத்தில் பஞ்ச் மெஷின் போட்டதுபோலச் சுத்தமான வட்டம் வெட்டும், குரூப் அளக்க வசதி. தூரம் கூடினால் உருண்டைத் தலை நேராகப் போகும். கூர்த் தலை பார்வைக்கு மிரட்டும், குரூப் பெரும்பாலும் சுமார்தான்.

ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கி, ஒரே தொழிற்சாலை. ஒன்றுக்குப் பிடித்த பெல்லட் மற்றதற்குப் பிடிப்பதில்லை. நாலைந்து வகை வாங்கி ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து சுட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எல்லாம் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. அதற்கு முன் டீ கிளாஸைத் தொடாதே. வாயில் பெல்லட்டைக் கவ்விக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. உடனே விட வேண்டும்.

•

7.9 கிரெய்ன் பெல்லட்டுக்கு வைத்த ஜீரோ 8.4-க்குச் செல்லாது. டப்பா மாறினால் ஜீரோவும் மாறும்.

துப்பாக்கி உறைக்குள் ஒரு சீட்டு வை. பெல்லட்டின் பெயர், எடை, ஜீரோ வைத்த தூரம், தேதி, இரண்டு குமிழ்களும் நின்ற எண். அடுத்த முறை குண்டு தள்ளி விழுந்தால், முதலில் திருகுகளை இறுக்கிப் பார், டப்பாவைப் பார், சீட்டைப் படி, ஐந்து சுடு. அதன் பிறகு குமிழைத் தொடலாம்.